ஐஸ் பெட்டிக்குள் இருந்த சோறு

சகோதர சகோதரிகளே, நான் புக்கிட் ரோத்தான் ஊரிலிருந்து வரும் ஸ்டெல்லா. ஓரிடத்தில் கால் தரிக்காத என்னைக் கர்த்தர் உட்கார வைத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் என் கணவர் தாசனுக்குக் குடலில் இரத்தம் உறைந்து, பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் குடலுக்குச் சாப்பாட்டின் சத்தை இழுக்கச் சக்தி இல்லை. பையில் வரும் பால் நிற மருந்து, நெஞ்சில் வைத்த குழாய் வழியாக நேராக இரத்தத்தில் இறங்க வேண்டும். அதுதான் அவருக்குச் சோறு. கிருமி படாமல் அதை மாட்ட ஆஸ்பத்திரியில் எனக்குப் பழக்கிவிட்டார்கள். பைகள் எந்நேரமும் கரண்டில் ஓடும் ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். சூடானால் வீச வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. சாலையும் அடைத்துக்கொண்டது. டவுனுக்குப் போய் ஐஸ் வாங்கக்கூட வழியில்லை.

முட்டி போட்டு ஜெபித்தேன். ஆமென் சொல்வதற்குள் எழுந்து, ஐஸ் பெட்டியைத் திறந்து பையைத் தொட்டுப் பார்த்தேன். மறுபடி முட்டி, மறுபடி ஐஸ் பெட்டி. கர்த்தாவே, கரண்டைத் தாரும் என்று அழுதேன். வரவில்லை. அவர்மேல் கோபம்கூட வந்தது.

“தொறந்து தொறந்து பாக்காதலா ஸ்டெல்லா. உள்ள இருக்கிற குளிரயும் நீயே வெளிய விடுற,” என்றார் தாசன்.

சுருக்கென்றது. ஐஸ் பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, இனி நான் திறக்க மாட்டேன், நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன். கை பரபரத்தது. ஆனாலும் எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தள்ளுவண்டிச் சத்தம். பக்கத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன், திருவிழா ஜெனரேட்டரோடு நின்றார்.

“தம்பி மருந்து கெட்டுப்போயிடுமில்லம்மா? ஆத்தாவுக்கு இன்னிக்கு அகல் வெளக்கு போதும். ஒயர எங்க மாட்டணும், சொல்லு.”

ஐஸ் பெட்டி உறுமியது. நான் கதவைத் திறக்காமலே அழுதேன். மாலையில் எடுத்தபோது பைகள் சில்லென்றே இருந்தன. தாசனுக்கு வேளை தவறவில்லை. நான் கேட்ட கரண்டைத்தான் கர்த்தர் அனுப்பினார், எந்த வாசலிலிருந்து அனுப்புவது என்று என்னைக் கேட்கவில்லை.

இதோ, தாசன் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இன்றும் பரபரப்புக்காரிதான். ஆனால் ஜெபித்துவிட்டால் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் கவலையையும் அவரிடம் கொடுங்கள். கொடுத்தபின், கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.