பாக்கியம் அக்காவின் கண்

அந்தக் கித்தாரை உடைத்தவன் நான். பாக்கியம் அக்காவின் கண் அல்ல... என் கை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இவ்வளவு எளிய வாக்கியமா! இதைச் சொல்லவா எனக்கு ஒரு ஆயுள் தேவைப்பட்டது?

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு என்றுமே இருந்ததில்லை. என்னைப் பற்றி நல்லதாக எதையாவது எதிர்பார்த்து இதைப் படித்தால் ஏமாந்துபோவீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாயா விடுதலை பெற்ற ஆண்டு அது. மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்தோம். எனக்கு இருபத்து நான்கு வயது. டவுனுக்கும் கிளேபாங்குக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அப்பா ஒரு சிறு பஜனைக் குழு நடத்திவந்தார். என்னிடம் ஒரு மலிவுக் கித்தார் இருந்தது. மழைக்காலம் வந்தால் அதன் கழுத்து வளைந்துகொள்ளும். தகர டப்பாவைத் தட்டினாற்போல ஒலிக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராஜாவின் வீடு. அவர் மலாக்கா செட்டி. பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த மண்ணிலேயே கலந்துவிட்ட குடும்பம். சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அபாங் என்று அழைப்போம், மலாயில் அண்ணன். வார இறுதிகளில் டவுன் கிளப்பில் ஜாஸ் வாசிப்பார். சுதந்திரத்தைக் கொண்டாட நடந்த நடன விருந்தில் அவர் வாசித்ததை நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். கால் கடுத்தது கூடத் தெரியவில்லை!

அவர் வாசித்த அந்தக் கித்தார் கடையில் வாங்கியதல்ல. அபாங்கின் இடக்கைச் சுண்டுவிரல் சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கிக் குட்டையாகிப் போயிருந்தது. தம் கையைத் தாளில் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, வெளிநாட்டில் இருந்த ஒரு கித்தார் செய்பவருக்கு அனுப்பினார். அந்தக் குட்டை விரலுக்கும் எட்டும்படி கழுத்தை ஒடுக்கமாகச் செதுக்கி, கப்பலில் அனுப்பிவைத்தார் அந்த மனிதர். உலகத்தில் அந்த ஒரு கைக்காக மட்டுமே செய்யப்பட்ட வாத்தியம்!

என் கித்தாரின் மேற்பலகை தட்டையானது. அதனுடையதோ வயலினைப் போல மெல்ல மேலெழுந்து உப்பியிருக்கும். கனத்த மரத்தைக் குடைந்து குடைந்து அந்த வளைவைக் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் வட்டத் துளை கிடையாது. இரு பக்கமும் வளைந்த இரண்டு நீளத் துளைகள். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு.

நான் அதை எப்படிப் பார்த்தேன் தெரியுமா? திருடன் பூட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அழகாயிருக்கிறது என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஒருமுறை அபாங்கே அதை நீட்டி, வாசித்துப் பார் என்றார். வேண்டாம் என்று சிரித்து மழுப்பினேன். என் ஆசை எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம். அன்று வாங்கி வாசித்திருந்தால்...! போகட்டும்.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வட்டாரத்து வாத்தியங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆர்மோனியம், மிருதங்கம், யாரோ ஒருவரின் புல்லாங்குழல். அந்த ஆண்டு அபாங்கின் தாயார், கித்தாரையும் சாமி முன் வைக்க வேண்டும் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்து அனுப்பிவைத்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். கித்தாருக்கு அதன் உப்பிய மார்பில், கம்பிகளுக்கு அடியில் விரலை நுழைத்துப் பொட்டு வைத்தார். மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக் கூடாது. உங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்?

பூசையன்று காலையில் சுண்டல் வாங்க வந்தவர்களில் பாக்கியம் அக்காவும் ஒருத்தி. பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பச்சைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணைக்கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து அவள் நீவிவிடும்போது வீரிட்டு அழுத பிள்ளைகூடக் கொட்டாவி விடும். காஜா பெராங்கில் பாதிப் பிள்ளைகள் அவள் காலில் புரண்டவர்கள்தாம். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை.

அவள் கித்தாரின் முன் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "பாலு குடிச்ச பிள்ள வயிறு மாரி எப்படி உப்பிக்கிட்டு இருக்கு பாருங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது! ஆமாம், கோபம்தான். இத்தனை மாதம் நான் நெஞ்சுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை இவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போகிறாளே என்று.

பிற்பகலில் வீட்டார் அனைவரும் கோயிலுக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

எடுத்தேன். மடியில் வைத்தேன். முதல் தந்தியை மீட்டியதும் அதன் அதிர்வு என் விலா எலும்பில் வந்து தங்கியது... எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. குட்டை விரலுக்காகச் செதுக்கிய கழுத்தில் என் விரல்கள் தாராளமாக ஓடின. நல்ல விரல்கள், என்ன பயன்?

கீழே வைக்கப்போகும்போதுதான் பார்த்தேன். என் உள்ளங்கை பட்டுச் சந்தனமும் குங்குமமும் கம்பிகளுக்கு அடியில் ஈஷிக்கொண்டிருந்தன. தொட்டது தெரிந்துவிடும்! துடைக்க வேண்டும். கம்பிகள் தடுத்தன. முறுக்காணிகளைத் திருகி எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினேன்.

கம்பிகளைத் தாங்கும் கட்டை ஒன்று உண்டே, வீணையில் குதிரை என்போம், அது கழன்று என் மடியில் விழுந்தது.

என் கித்தாரில் அந்தக் கட்டையைப் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இந்த வகைக் கித்தாரில் ஒட்டுவதே இல்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதை ஏதோ ஓரிடத்தில் நிறுத்தி, வீட்டார் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கம்பிகளை வேகவேகமாக முறுக்கினேன். கட்டை சாய்ந்தது. நிமிர்த்தாமல் இன்னும் முறுக்கினேன்! சட்டென்று குப்புற விழுந்து, அதன் கால் பலகையில் இடித்தது. இடித்த இடத்திலிருந்து பக்கத்துத் துளை வரை நூல் போல ஒரு கீறல் ஓடியது.

முதலில் உடையவே இல்லை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். உடையாத ஒன்றை மறைக்கப் போய் உடைத்தவன் நான்.

கட்டையை மீண்டும் நிறுத்தினேன். கம்பிகளை அரைகுறையாக இழுத்துக் கட்டினேன். அப்புறம்... இதை எழுத வேண்டுமா? எழுதத்தான் வேண்டும். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, கீறலின்மேல் பெரிதாகப் பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். பிறகு சாமி கும்பிட்டேன்!

மறுநாள் காலை அபாங்கும் அவர் தாயாரும் வந்தார்கள். அபாங் கம்பியை மீட்டினார், முகம் மாறியது. துணியால் சந்தனத்தைத் துடைத்தார். கீறலைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சியாப்பா பெகாங்?" என்று கேட்டார். யார் தொட்டது என்று கேட்டார், அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

யாரும் தொடவில்லை என்று அப்பா சத்தியம் செய்தார். அப்பாவின் சத்தியம் உண்மை. அவருக்குத் தெரிந்த வரையில். என்னைப் பார்த்தார்கள். நானும் இல்லை என்று தலையசைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யன் என்ற அளவில் என் கணக்கு முடிந்திருக்கும். ஆனால் அபாங்கின் பார்வை என் விரல் நுனிகளுக்குப் போனது. போனதா, போனதாக எனக்குத் தோன்றியதா? இன்றுவரை தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது. அவர் தாயாரைப் பார்த்து மலாயில் சொன்னேன்.

"காக் பாக்கியம் தெங்ஓக் லாமா, பிபி."

பாக்கியம் அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தை. அதுதான் நான் சொன்னது. பொய்கூட இல்லை, பாருங்கள்!

அந்த அம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை வயிறு என்று அவள் சொன்னதை என் அம்மா நினைவுபடுத்தினார். பிள்ளையில்லாதவள் வாயில் அந்தச் சொல்லா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும் என்று அபாங் மட்டும் சொன்னார். அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். நெடி வரவே இல்லை என்றார்கள். எனக்கு இருமலே வந்தது.

கித்தாரை அபாங் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் ஒட்டிவந்தார். ஒட்டிய பின் ஓசை இன்னும் கனிந்துவிட்டது என்றுகூட ஒருநாள் சொன்னார். மறுபடியும் கிளப்பில் வாசித்தார். மரம் சரியாகிவிட்டது.

பாக்கியம் அக்காவை எந்தப் பிரசவ வீட்டிலும் கூப்பிடவில்லை.

அவள் தெருவில் வந்தால் கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினார்கள். எதிரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். சில வாரங்களில் என் அக்கா பூரணிக்கு எங்கள் வீட்டில் தலைப்பிரசவம். பிள்ளை உண்டான நாளிலேயே பாக்கியம் அக்காவிடம் சொல்லிவைத்திருந்தோம். பிறந்த செய்தி கேட்டு அவளாகவே வந்தாள், கையில் எண்ணெய்ப் புட்டியோடு. அம்மா என்னை வாசலுக்குத் தள்ளினார். நீயே போய்ச் சொல்லிவிடு, எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது என்றார்.

எனக்கு மட்டும் வந்தது! வேறு ஆள் வைத்துவிட்டோம் என்றேன்.

 உள்ளே பிள்ளை அழுதது. அந்த அழுகையைக் கேட்டுவிட்டு, வயிற்றில் காற்று நிற்கிறது, வெற்றிலையில் எண்ணெய் தடவி வாட்டி ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். வெற்றிலை வைத்தோம். பிள்ளை தூங்கியது. யார் சொன்ன வைத்தியம் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஆமாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். அடுத்த ஆண்டும் சொல்லியிருக்கலாம். அப்பாவின் சத்தியத்துக்கு இழுக்கு வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் புளுகு! ஊர் என்னைக் காறித் துப்புமே என்ற பயம்தான். இன்னொன்றும் உண்டு. அபாங் என்னை மறுபடி வாசிக்கக் கூப்பிடுவார் என்ற நப்பாசை. அவர் கூப்பிடவில்லை.

அவளுக்குக் கிளேபாங்கில் ஒரு பங்களாவில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. என் பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒருநாள் காலை, கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியூர்க்காரி, ஒன்றும் அறியாதவள். குழந்தை பாக்கியம் அக்காவின் வளையலைப் பிடித்து இழுத்தது.

பாக்கியம் அக்கா வளையலை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நின்றாள். இடம் இருந்தது. யாரும் அவளை எழச் சொல்லவில்லை.

டிக்கெட் கிழிக்க அவளிடம் போனேன். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"தம்பி, அன்னிக்கு நீ அங்கதான் இருந்த. மறைக்காம சொல்லு. அந்தக் கித்தார நான் அவ்ளோ ஆசையாவா பாத்தேன்?"

பஸ்ஸில் இரைச்சல். எங்கள் இருவரையும் தவிர யார் காதிலும் விழாது. இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் குற்றவாளிக்குக் கிடைக்கும்? உண்மை என் தொண்டைவரை வந்தது... வந்தது, உங்கள்மேல் ஆணை!

"ஆமாக்கா," என்றேன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். நெடுநாள் சந்தேகம் தீர்ந்ததுபோல.

"எனக்கே தெரியாம பாத்திருக்கேன் போல. நல்ல வேள... பூரணி பிள்ளய நான் தொடல."

கிளேபாங் வந்தது. இறங்கிப் போனாள். நான் மணியடித்தேன்; பஸ் நகர்ந்தது.

படித்து முடித்தபின் என்னை மன்னிக்கலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அது உங்கள் கையில் இல்லை. மன்னிக்க உரிமையுள்ள ஒருத்தி, குற்றம் தன் கண்ணில்தான் என்று நம்பிக்கொண்டே செத்துப்போனாள். கடைசி வரை எந்தக் குழந்தையையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொன்னார்கள்.