கால்சட்டைப் பையில் இருந்த சாவி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில், காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவள். "காது அக்கா எங்க?" என்று கேட்டால் மருந்துக்கடைக்காரர் மாடிப்படியைக் காட்டுவார். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, அதை நினைத்து வருத்தப்பட நேரமும் கிடைக்கவில்லை. காலை ஒன்பதரைக்கு மைக்ரோஸ்கோப்பின் முன் குனிந்தால், கழுத்து கெஞ்சும்போதுதான் நிமிர்வாள். கடுகளவு பாகங்களை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பற்றவைப்பாள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஒருமுறை ஒரு பெரியவருக்குக் கருவியை மாட்டிவிட்டு, "கேக்குதாய்யா?" என்று பழக்கதோஷத்தில் உரக்கக் கேட்டுவிட்டாள். "எதுக்கும்மா கத்துற? நான் என்ன செவிடா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் அவர் இந்த அறைக்கே வந்து, பிட்காயின் என்ற இணையக் காசு பற்றி ஒரு மணி நேரம் பேசினார். "பேங்க்ல போட்டா தூங்கும், இதுல போட்டா ஓடும்" என்றார். அண்ணன்தானே என்று தன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்தாள். அவரும் தன் பணத்தைச் சேர்த்து வாங்கினார். அடுத்த வருஷம் விலை மளமளவென்று சரிந்தது.

"வித்துடுண்ணா. கிடைச்சது போதும்."

"இப்ப வித்தா நஷ்டம். உனக்கு ஒண்ணும் புரியாது. நான் உன் பணத்தைத் தின்னுட்டேன்னு நினைக்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"வாயால சொல்லல. மூஞ்சி சொல்லுது."

அதோடு பேச்சு முறிந்தது. மூன்று வருஷத்துக்கும் மேல் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை வேளையில். பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நிறுத்தும்போது அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "செவ்வாய்க்கிழமை" என்று வரும். தப்பு என்று அவருக்கே தெரியும், முகம் சிவந்துபோகும். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்டதும் அழுதார். அவளும் அழுதாள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வழியில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று, பேட்டரி உப்பி, மூடி பிளந்து கிடந்தது.

"யூனிஃபார்ம் பேன்ட் பாக்கெட்ல இருந்திருக்கு. பார்க்காம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன்" என்றாள். "இதுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்லுவாரு. இப்ப ஆன் ஆகவே மாட்டேங்குது."

அதுதான் அந்தப் பிட்காயினுக்கான வாலெட். காசு அதற்குள் இல்லை. சாவி மட்டும்தான் இருந்தது. சாவி இல்லாவிட்டால், காசு இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும் யாராலும் தொட முடியாது. கருவி கெட்டுப்போனால் சாவியை மறுபடி உண்டாக்குவதற்காக இருபத்து நாலு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை அண்ணி வீடு முழுக்கத் தேடிவிட்டாள். எங்கே என்று அவரைக் கேட்டால் அவர் வாய் கோணி, கண் கலங்கியதுதான் மிச்சம்.

காது அக்கா வேலைக்கு நடுவே பன்னிரண்டு நாள் அந்தக் கருவியோடு போராடினாள். உப்பிய பேட்டரியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்தாள். உள்ளே மின்சுற்றுப் பலகை முழுக்கச் சோப்புத்தூளும் பச்சைத் துருவும். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் இழை இழையாகத் துடைத்தாள். அரித்துப்போன செம்புப் பாதைக்குப் பதில் முடியைவிட மெல்லிய கம்பியைப் பாலமாக வைத்தாள். அதே மாடலில் பழைய கருவி ஒன்றை வாங்கி, அதன் திரையைக் கழற்றி இதில் பொருத்தினாள். சாவி இருக்கும் சிப்பின் பக்கம் மட்டும் சூடு காட்டவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் திரை ஒளிர்ந்தது. நாலு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது. கீழே ஒரு வரி: பத்தில் இன்னும் மூன்று வாய்ப்புகள். மூன்றும் தப்பானால் கருவி தன் நினைவைத் தானே அழித்துக்கொள்ளும்.

அவள் அண்ணிக்கு போன் போட்டாள். "யாரோ ஏழு தடவை தப்பு நம்பர் போட்டிருக்காங்க அண்ணி."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நான்தான்" என்று வந்தது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணி உட்கார்ந்து முயன்றிருக்கிறாள். முதலில் தன் பிறந்தநாள். பிறகு கல்யாண நாள். மகள் பிறந்த நாள், அவள் பள்ளியில் சேர்ந்த வருஷம், அவருடைய பிறந்தநாள், வண்டி எண், வீட்டு போனின் கடைசி நாலு எண். ஏழும் தப்பு.

"இருபது வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். என் நம்பர் இல்ல, பெத்த பொண்ணு நம்பரும் இல்ல. அப்ப யாரு நம்பர்? ஆத்திரம் தாங்கல. பார்க்காம ஒண்ணும் போடல. திரும்ப அதே பாக்கெட்ல வெச்சு, தெரிஞ்சேதான் மெஷின்ல போட்டேன்." விசும்பினாள். "உன் பணமும் அதுல இருக்குன்னு அப்ப ஞாபகமே வரல. திட்டணும்னா திட்டு."

திட்டத்தான் வாய் வந்தது. திட்டவில்லை. "நாளைக்கு அங்க வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் அண்ணனின் கட்டிலில் கருவியை வைத்து, பேட்டரிக்குப் பதில், தன் வேலை மேசையிலிருந்து கொண்டுவந்த மின்பெட்டியிலிருந்து வயர் கொடுத்தாள். ஒன்று முதல் ஒன்பதுவரை மூன்று வரிசைப் பொத்தான்கள்; பூஜ்யம் தனியாகக் கீழே. "அண்ணா, நம்பரை அழுத்து. நிதானமா" என்றாள். அவர் இடது கையால் வாங்கி ஒவ்வொரு பொத்தானையும் உற்றுப் பார்த்தார். விரலைக் கொண்டுபோனார், தயங்கினார், வேறொன்றை அழுத்தினார். தப்பு. இன்னும் இரண்டு. கருவியை மெத்தையில் வீசிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதைத் தெரியாம துவைக்கல. வேணும்னேதான் துவைச்சேன். அலசி, பிழிஞ்சு, கொடியில வேற காயப்போட்டேன்."

அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். பிறகு பாதி வாய் மட்டும் அசைய, குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, கை போக்கில் கருவியை எடுத்தார். கட்டைவிரல் பொத்தான்கள் மேல் விறுவிறுவென்று ஒரு சுற்றுப் போனது.

திரை திறந்துகொண்டது.

காது அக்கா அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, மூன்று, ஒன்பது, ஏழு.

"அண்ணி, அது யாரோட தேதியும் இல்ல. நாலு மூலை. சும்மா சுத்தி அழுத்தியிருக்காரு, அவ்வளவுதான்."

அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "படுபாவி மனுஷா" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

அதற்குள் திரை நடுங்க ஆரம்பித்தது. துரு எங்கோ மிச்சம் இருந்திருக்கிறது. அந்த இருபத்து நாலு சொற்களைக் காட்டும் பக்கத்துக்குக் காது அக்கா அவசரமாகப் போனாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அண்ணி எழுத, ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். பத்து, பதினைந்து, இருபது. இருபத்து மூன்றாவதை எழுதி முடித்தபோது கருகிய வாடை வந்தது. திரை அணைந்தது. அதன் பிறகு என்ன செய்தும் எரியவில்லை.

ஒரு சொல் குறைந்தது. அந்தச் சொற்களுக்கான பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சீட்டோடு அறைக்குத் திரும்பினாள். இரண்டு நாள் படித்த பிறகு ஒன்று பிடிபட்டது: கடைசிச் சொல்லை நம் இஷ்டத்துக்குப் போட முடியாது, முன்னால் இருக்கும் இருபத்து மூன்றோடு அது கணக்காகப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தக்கூடியவை எட்டே எட்டு. புதுக் கருவி வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஐந்து முறை காலி வாலெட் திறந்தது. ஆறாவதில் அண்ணனுடையது.

இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

பரிமாற்றங்கள் தேதியோடு இருந்தன. மூன்று தடவை எடுத்திருக்கிறார். மூன்றும் அவர்கள் பேசாமல் இருந்த காலத்தில். யாருக்குப் போனது என்பதற்கு நீளமான எண்ணும் எழுத்தும்தான், பெயர் இல்லை. அண்ணிக்கு எதுவும் தெரியாது. போனில் அந்தத் தேதிகளைக் காட்டியபோது அண்ணன் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடனா, ஏமாந்தாரா, வேறு ஏதாவதா? எந்தச் சாமானைக் கொண்டும் அவளால் அதைத் திறக்க முடியவில்லை. உன் பணத்தைத் தின்னுட்டேன்னு நினைக்கிறியா என்று அன்று கத்திய குரல் வேலைக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்டது. இடுக்கி நழுவி, ஒரு வாரத்தில் இரண்டு கருவிகளைக் கெடுத்தாள்.

மிச்சத்தை விற்றார்கள். தன் பங்கென்று அவள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எடுத்துக்கொண்டாள், நாலில் ஒரு பங்கு. வாங்கும்போது கூச்சமாகத்தான் இருந்தது. மீதியில் பேச்சுப் பயிற்சிக்காரர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார்.

புதன்கிழமைகளில் அவள் மதியமே கடையைச் சாத்திவிட்டுப் போகிறாள். படங்களைக் காட்டி அண்ணனுக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கிறாள். குடை, நாற்காலி, மழை. ஐம்பது அறுபது சொற்கள் வந்துவிட்டன. அந்தத் தேதிகளைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அவரைப் பழையபடி முழுசாக நம்பவும் முடியவில்லை. இரண்டும் அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றும்.

போன வாரம் கிளம்பும்போது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த..." என்றார். கண் அவள் கையிலிருந்த போனுக்குப் போனது. அடுத்த சொல் வரவில்லை. "அந்த... அந்த..."

"மெதுவா சொல்லுண்ணா" என்றாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.