கத்தி உயர்ந்தால் விமானம்

சலூன்காரருக்கு இந்த உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். கூரைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும் விமானம் அல்ல. அது விழுந்தால் எல்லார் தலையிலும் பொதுவாக விழும். தனிப்பட்ட அவமானம் அதில் கிடையாது. தன் காது போய்விட்டது தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம். கத்தி வைக்கிறவன் செவிடு என்றால் எவன் கழுத்தை நீட்டுவான்?

விமான நிலைய மதிலை ஒட்டிய அந்தத் தெருவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விமானம் வந்தால் பேச்சு நிற்கும். எதிர்க்கடைத் தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுப்பார். சாவிக்காரர் அரத்தைத் தூக்குவார். சலூன்காரர் கத்தியை உயர்த்துவார். நாற்பது விநாடி கழித்து, சண்டையாக இருந்தாலும் சரி, விட்ட வசவிலிருந்தே தொடரும்.

இரண்டு வருஷமாக அவருக்கு விமானம் கேட்பதில்லை. கிண்ணத்துத் தண்ணீர் நடுங்கினால் கத்தி மேலே போகும். வாடிக்கையாளர் பேச்சைக் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். உதட்டை நுரை மூடிவிட்டால் ஒரு 'ம்'. அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும். மனைவியிடம்தான் செல்லுபடியாகவில்லை.

"ஏங்க, நான் செத்துட்டேன்னு சொன்னாக்கூட 'ம்'னுதான் சொல்லுவீங்க போல" என்றாள் ஒருநாள், முதுகுக்குப் பின்னால் நின்று தோளைத் தட்டி.

"ம்" என்றார்.

இன்னொரு நாள் காற்று திசை மாறியதால் விமானங்கள் மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அது தெரியாத சலூன்காரர், காலையிலிருந்து அசையாத தண்ணீரைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணமும் கைவிட்டுவிட்டதா?

அந்த நேரம் பார்த்து, தெருவில் வாடகைக்கு வீடு தேடி வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தார்.

"இங்க சத்தம் ஜாஸ்தியா இருக்குமாண்ணே?"

"எனக்கு ஒண்ணும் கேட்டதில்லை, தம்பி" என்றார் சலூன்காரர். அரிச்சந்திரன்கூட அதில் குற்றம் கண்டிருக்க முடியாது.

நுரை பூசி, கத்தி தொண்டைக்கு வந்தபோது தண்ணீர் நடுங்கியது. அப்பாடா என்று கத்தியை உயர்த்தினார். பத்து, இருபது, முப்பது. கண்ணாடியில் வெளியூர்க்காரரின் விழி பிதுங்கியது. நுரைக்குள் என்னவோ அசைந்தது.

"ம்" என்றார் சலூன்காரர், கத்தியை இறக்காமல்.

வெளியூர்க்காரர் நுரையை வழித்தெறிந்தார். இப்போது உதடு தெரிந்தது.

"ரோடு ரோலர்தானே போகுது. கத்தியை ஏன்யா ஓங்குறீங்க?"

வாசலில் ரோலர் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வானம் துடைத்த மாதிரி இருந்தது. தொலைந்தது பிழைப்பு என்று சலூன்காரர் தெருவைப் பார்த்தார்.

தையல்காரரின் கால் மிதியில் இல்லை. சாவிக்காரரின் அரம் அந்தரத்தில் நின்றது. இருவரும் வானத்தையும் பார்க்கவில்லை, ரோலரையும் பார்க்கவில்லை. இவர் கையிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்ல இறக்கினார். மிதி ஓடியது. அரம் உரசியது.

வெளியூர்க்காரர் பாதி முகத்தோடு ஓடியே போனார். இந்தத் தெருவில் எவனாவது உயிர் போகிற மாதிரி அலறினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே சலூன்காரர் கத்தியை மடித்து வைத்தார்.

சாயங்காலம் தையல்காரர் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, உதட்டை நன்றாகப் பிரித்துக் காட்டிப் பேசினார்.

"நாளையிலிருந்து கத்தியைக் கொஞ்சம் உயரமாப் பிடிங்கண்ணே. என் கடைக்குச் சரியாத் தெரியலை."