சடகோபன் பிரித்து வைத்த தட்டு

சடகோபன் பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிறவர். வீட்டின் முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடும். தறிக்காரர்கள் இருமுவது அந்தத் தெருவில் ஒரு விஷயமே இல்லை. பஞ்சுத்தூசி என்று விட்டுவிடுவார்கள். முதல் மாதம் அவரும் அப்படித்தான் சொன்னார். இரண்டாம் மாதம் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. அவருடைய சித்தப்பா இப்படி இளைத்துத்தான் செத்தார். தனக்கும் காசநோய்தான் என்று சடகோபனுக்கு அப்போதே பட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் தெருக்காரர்கள் வாசற்படி ஏறமாட்டார்கள், பத்து வயது மகள் மோனிஷாவைப் பள்ளியில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தார். மகளுக்கு மட்டும் ஒட்டிவிடக் கூடாது. அதற்குத் தனக்குத் தெரிந்த காவலைப் போட்டார். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றிய புதுத் தார் மாட்டும்போது, நாடாவின் கண் வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது நெசவாளர் பழக்கம். மோனிஷா அதை ஆசையாகச் செய்வாள். இனி நாடாவைத் தொடவே கூடாது என்று தடுத்தார். காரணம் சொல்லவில்லை.

தறி ஓடும் முன்னறையின் ஜன்னலைப் பற்றி அவர் நினைக்கவில்லை. காற்று பட்டால் தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை அறும் என்பதால் அது எப்போதும் மூடியே இருந்தது. அந்த அறையில்தான் மோனிஷா படித்தாள், தூங்கினாள்.

மூன்றாம் மாதம் சளியில் ரத்தம் வந்தது. மனைவி தமயந்தி அவரை பஸ் ஏற்றித் திருத்தணி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரிந்தது. மாத்திரை தொடங்கிய வாரமே சுகாதாரப் பணியாளர் பானுப்ரியா வீட்டுக்கு வந்தார். சடகோபன் தனியாகப் பிரித்து வைத்திருந்த தன் தட்டை எடுத்துக் காட்டினார்.

பானுப்ரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஜன்னல எப்பண்ணா தொறப்பீங்க?"

"தொறந்தா இழை அறுந்துகினே இருக்கும்மா."

தட்டு, டம்ளர் வழியாக இது பரவுவதில்லை என்றார் பானுப்ரியா. இருமும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வரும். மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே மூச்சிழுப்பவரின் நெஞ்சுக்குள் போகும். காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். முதல் மாதமே வந்திருந்தால் என்று தொடங்கியவர், அதை முடிக்கவில்லை.

"தட்டு தனி, டம்ளர் தனின்னு என் உயிர வாங்கினியே," என்றாள் தமயந்தி. "மூச்சுக்கு இன்னா பண்ணே?"

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

எடை பார்த்தபோது மோனிஷா இரண்டு கிலோ குறைந்திருந்தாள். திருத்தணியில் எக்ஸ்ரேயும் மற்ற பரிசோதனைகளும் எடுத்தார்கள். அவளுக்கும் வந்துவிட்டது. குணமாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஒரு நாள்கூட விடாமல் மருந்து சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். நைனா, நானும் தனித் தட்டுலதான் சாப்பிடணுமா என்று மோனிஷா கேட்டாள். வேண்டாம் என்றார் அவர்; அன்று ராத்திரி தன் தட்டையும் மற்ற தட்டுகளோடு சேர்த்து வைத்தார்.

மறுநாள் பானுப்ரியா மறுபடியும் வந்தார். இந்த மூன்று மாதத்தில் அந்த அறையில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். மோனிஷாதான் சொன்னாள். வீட்டுப்பாடம் எழுத, அவளோடு படிக்கும் துர்காவும் தீபாவும் தினமும் வருவார்கள்.

உங்கள் பெயரைச் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைக்கிறேன் என்றார் பானுப்ரியா. சடகோபன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நானே வரேம்மா. நான் சொன்னாதான் ஒடனே கூட்டிகினு போவாங்க."

எதிர்வீட்டில் துர்காவின் அப்பா குணசேகரன் தறியை நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொன்னார். சடகோபன் மாஸ்க்கோடு தெருவிலேயே நின்று, முதல் மாத இருமலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.