தூணுக்கு அந்தப் பக்கம்

காலை பத்து மணி பத்து நிமிடம். ஆம்பூர் பைபாஸ் சாலையில், புதிதாகக் கட்டியிருந்த ஷூ கடையின் எதிரே வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது அவள் கால். மெல்லிய வார் வைத்த செருப்பு. வாரின் ஓரத்தில் தையல் கோணியிருந்தது. நாங்கள் முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அப்படித் தைத்திருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு திருப்தி. கூட்டத்தில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து செல்போனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடையைத் திறந்துவைக்க வந்தவள் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நாயகி. நான் ஒரு நாளிதழின் ஆம்பூர் நிருபர். பிளஸ் டூ முடித்துவிட்டு இருவரும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே தையல் லைனில் மூன்று வருடம் வேலை செய்தோம். அவள் ஒரு சேனலின் நடிப்புத் தேர்வுக்குப் போய் அப்படியே சென்னையில் தங்கிவிட்டாள். நான் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிப் பத்திரிகைக்கு வந்தேன். "உனக்குத் தெரிஞ்ச பொண்ணுதானே, நல்லா பேசுவாங்க" என்று சொல்லி ஆசிரியர் என்னையே பேட்டிக்கு அனுப்பினார்.

அவள் தொடரில் சின்ன மருமகளாக வருகிறாள். மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கூடத்தின் அந்தப் பக்கம் இருக்கும் கணவனிடம் சத்தமே இல்லாமல் வாயசைத்துக் கிண்டல் பேசுவாள். கீழே எழுத்தில் வசனம் ஓடும். கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொள்வான். அவள் பெயர் வாங்கியது அந்த வாயசைப்பில்தான்.

அந்த வித்தை எங்கள் லைனில் பிறந்தது. வேலை நேரத்தில் பேசக் கூடாது. பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் எல்லோரும் உதட்டாலும் புருவத்தாலும் பேசினோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தூண். அவளால் என்னைப் பார்க்க முடியாது. கன்வேயரின் எதிர்ப் பக்கம், தூணுக்கு நேராக, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். அவரால் எங்கள் இருவரையும் பார்க்க முடியும். நான் வாயசைப்பதைப் பார்த்து அவர் அவளுக்கு வாயசைப்பார். அவள் தோள் குலுங்குவதாக அக்கா எனக்குச் சைகை காட்டுவார். சூப்பர்வைசர் நடந்து போனபோது ஒருநாள் நான் சொன்னேன்: "ரெண்டு காலுக்கும் இடது கால் ஷூவே மாட்டின மாதிரி நடக்கிறான் பாரு." அன்று சிரித்த சிரிப்பில் அந்த வரிசையில் நான்கைந்து ஊசி உடைந்தது.

தொடரின் முதல் வருடத்திலேயே அந்த வரி வந்துவிட்டது. மாமியாரின் தம்பி நடப்பதைப் பார்த்து அவள் வாயசைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே வரியை நான் வீட்டில் சொன்னபோது, "வேலை செய்ற எடத்துல இன்னா பேச்சு இது" என்று கேட்டவர் அவர். அதன்பிறகு அந்தத் தொடரை ஒரு நாள்கூட விடாமல் பார்த்தேன். என்னிடமிருந்து போனது எது, அவளாகச் செய்வது எது என்று பிரித்துக்கொண்டே பார்த்தேன். இதற்குப் பொறாமை என்பதைவிட மரியாதையான சொல் ஒன்றைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

ரிப்பன் வெட்டியபிறகு கடையின் மாடியில் பேட்டி. மேனேஜர் அவளை "மேடம், மேடம்" என்று சுற்றி வந்தார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இன்னாடி, பேப்பர்காரி ஆய்ட்ட, இன்னும் அதே மொறப்பு."

"நீ மட்டும் இன்னா, மேக்கப்பு போட்டா மூஞ்சி மாறிடுமா?"

பழைய மாதிரியே சிரித்தாள். தோல் மட்டும் விளக்கு வைத்ததுபோல் பளபளத்தது. ரெக்கார்டரைப் போட்டேன். கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த வாயசைப்பு எங்கிருந்து வந்தது? தானே கண்டுபிடித்ததாகச் சொல்வாள், அல்லது என்னைச் சொல்வாள். இரண்டுக்கும் தயாராக இருந்தேன். முதலாவதைச் சொன்னால் அவளைப் பொய்க்காரி என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

"எங்க லைன்ல மாதனூர் அக்கா ஒண்ணு இருந்துச்சே, அதுகிட்ட கத்துக்கிட்டது," என்றாள். "அது புருவம் தூக்குனாலே எனக்கு சிரிப்பு வந்துடும். நான் பண்றது பூரா அந்த அக்காதான். எங்க கேட்டாலும் சொல்வேன்."

"அந்த இடது கால் வசனம்?"

"அதுவும் அக்காதான். ஐயோ, அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பு. உனக்குத் தெரியாது, நீ தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த."

அவள் கண்ணில் கள்ளம் இல்லை. மூன்று வருடம் அவள் பார்த்தது ஒரே ஒரு முகம். அது என் வசனம் என்று இப்போது சொன்னால், அவள் பெயரில் பங்கு கேட்க வந்தவளாகத்தான் தெரிவேன். குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். செய்தி வந்த அன்று மாதனூரிலிருந்து அக்கா போன் செய்தார். பஸ்ஸில் எல்லோரும் அவரிடம் பேப்பரைக் காட்டினார்களாம்.

"இன்னாம்மா, எல்லாத்தையும் நான் சொன்னதுன்னு போட்டுக்கீற? எனக்கே பேஜாரா போச்சு. பாதி நீ சொன்னதுதானே."

"பாதியா?"

"சரி, கொஞ்சம் ஜாஸ்தியாவே வச்சிக்க," என்று சிரித்தார். "நீ சொல்றப்போ அவ்ளோ சிரிப்பு வராதும்மா. நான்தான் கொஞ்சம் சேத்து சொல்லுவேன்."

தொடரின் இயக்குநரும் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறார். இப்போது சனி, ஞாயிறுகளில் அக்கா அதில் பக்கத்து வீட்டுக்காரியாக வருகிறார்.