வத்திராயிருப்பு மலையடியில் தனபாலின் டப்பாவைத் தேடிப் போன ஞாயிறு

ஒளித்து வைத்த பெட்டிகளை ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போகும் விளையாட்டைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதியபோது, ராஜபாளையம் பக்கம் இதற்கெல்லாம் இடம் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இடம் தாராளமாக உண்டு. செயற்கைக்கோளைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே அங்கே நாங்கள் இதை ஆடியிருக்கிறோம். அப்படிப் போன ஒரு பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த தனபால், வெளிநாட்டில் காட்டிலும் மேட்டிலும் பெட்டிகளை ஒளித்து வைத்துத் தேடுகிறார்கள் என்று ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு, நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்து இதைத் தொடங்கியிருந்தார். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டு, குறிப்பை டைப் அடித்து மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்புவார். டப்பாவுக்குள் ஒரு முத்திரை இருக்கும். தேடிக் கண்டுபிடித்தவர் அதைத் தன் அட்டையில் குத்திக்கொண்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் இதை 'டப்பா விளையாட்டு' என்போம்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். என் அண்ணன் மனைவி ராஜம் மதினி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பரீட்சைக்குப் படித்த என் தோழி மூலம் விஷயம் தெரிந்து, நாங்களும் சேர்ந்துகொள்கிறோம் என்று கேட்டோம். தனபால் மறுக்கவில்லை. தேடுங்கள், ஆனால் ஒளிக்க வேண்டாம் என்றார். காரணமும் சொன்னார். டப்பாவை ஒளிப்பது பெரிய காரியம் இல்லை, அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பெரிய காரியம். ஐப்பசி கார்த்திகை மழையில் மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்த்து, ஈரம் துடைத்து, தாள் மாற்றிவிட்டு வர வேண்டும். பெண்களால் அது நடக்குமா என்பது அவர் கேள்வி.

மாடியிலிருந்து இறங்கி வந்து செருப்பு மாட்டும்போது மதினி, "ஏட்டி, இவரு வச்சத நாம எடுத்துட்டா அப்புறம் என்ன சொல்லுவாராம்?" என்றாள். திரும்ப மாடியேறிப் போய் அதையே அவரிடமும் கேட்டாள். தனபால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவருடைய புது டப்பாவை அடுத்த பொங்கல் கழிந்த ஞாயிறு மாலை இன்ஸ்டிடியூட்டில் அவர்கள் ஆறு பேரும் கூடும் கூட்டத்துக்குள் நாங்கள் கண்டுபிடித்தால், எங்களுக்கும் ஒளிக்கும் உரிமை. இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

குறிப்பு மூன்றே வரி:

கோபுரம் முதுகுக்குப் பின்னால்.
இரட்டைப் பல் ஒற்றைப் பல் ஆகும் இடம்.
சாய்ந்த கல்லின் காலடி.

இரட்டைப் பல் என்பது மேற்கு மலையில் தெரியும் இரண்டு கூர் முகடுகளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர். கோபுரம் என்றால் ஆண்டாள் கோவில் கோபுரத்தைத் தவிர வேறு எதை நினைப்போம்? கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செண்பகத்தோப்புச் சாலையில் எத்தனை ஞாயிறு நடந்தோம் என்று கணக்கில்லை. நடக்க நடக்க அந்த இரண்டு முகடுகளும் தள்ளித் தள்ளித்தான் நின்றன, சேருவதாக இல்லை. மற்ற ஐந்து ஆண்களும் தேடிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது மதினி ஒரு கல்யாணத்துக்காக வத்திராயிருப்பு போய்விட்டு வந்து, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் முகடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது என்றாள். பார்க்கிற இடம் வடக்கே போகப் போக அவை ஒன்றன் பின் ஒன்றாக மறையத்தானே வேண்டும். இது எங்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது. ஆனால் ஒரு சிக்கல். வத்திராயிருப்பில் நின்று மேற்கு மலையைப் பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் முதுகுப் பக்கம் வராது, இடது கைப் பக்கம்தான் வரும். இரண்டு வரிகளும் ஒத்துப்போகவில்லை. மழை நின்று பாதை காயட்டும் என்று காத்திருந்ததில் கெடு நாளே வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம். அங்கிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு சுமார் இருபது கிலோமீட்டர். பஸ் எல்லா ஊரிலும் நின்று போனதால் ஒன்பது மணி ஆகிவிட்டது. பையில் ஒரு காந்த திசைகாட்டி, தண்ணீர், புளியோதரை, கொஞ்சம் பஞ்சு, துணி. கூடவே நாங்கள் ஜெயித்தால் ஒளிப்பதற்கென்று செய்து வைத்திருந்த எங்கள் சொந்த டப்பா. எவர்சில்வர் டிபன் டப்பாவின் மூடிக்குள் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மதினி பொருத்தியிருந்தாள். இதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். சாயங்காலம் கூட்டத்தில் காட்ட வேண்டாமா என்றாள்.

பஸ் நிலையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, அணைக்குப் போகும் சாலையில் மேற்கே நடந்தோம். இரண்டு பக்கமும் தென்னை, பிறகு நெல், மலை நெருங்கும்போது மாந்தோப்புகள். மழை முடிந்த புதிது என்பதால் வாய்க்காலெல்லாம் தண்ணீர். நீங்கள் போவதாக இருந்தால் தை மாதத்தில் போங்கள், அந்தப் பச்சைக்காகவே நடக்கலாம். நாலு கிலோமீட்டர் போனதும் முகடுகள் நெருங்கிவிட்டன, ஆனால் ஒன்றாகவில்லை. திசைகாட்டியை வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தபோது, மாந்தோப்புக்குள்ளிருந்து ஒருவர் வேகமாக வந்தார். தோப்பின் சொந்தக்காரர்.

"எந்த ஆபீஸ்லேருந்து வாரீங்க? தோப்ப அளக்கப் போறீங்களா?" என்று கேட்டார். புது ரோடு வரப்போகிறது என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சாம். பாவம், முகம் வெளிறியிருந்தது.

"அளக்க வரல அண்ணாச்சி. ஒரு டப்பாவத் தேடி வந்திருக்கோம்," என்றாள் மதினி.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றோம். ஒன்றும் இல்லாத டப்பாவுக்காகவா ராஜபாளையத்திலிருந்து வந்தீர்கள் என்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். மதினி விளையாட்டை விளக்கி, முகடுகளைக் காட்டி, இவை இரண்டும் எங்கே நின்றால் ஒன்றாகத் தெரியும் என்று கேட்டாள். நிலத்தை எடுக்க வரவில்லை என்று தெரிந்ததும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

"இங்க நின்னா ரெண்டாத்தான் தெரியும். அந்தக் கரண்டு டவர் இருக்குல்லா, அதத் தாண்டி ஓடக்கரையில நின்னு பாருங்க. ஒண்ணாயிரும்," என்றார்.

டவர் என்று அவர் கை நீட்டிய திசையில் உயரழுத்த மின்கம்பி போகும் இரும்புக் கோபுரம் ஒன்று நின்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அதன் காலில் கட்டியிருந்த தகட்டை ஓடிப்போய்ப் பார்த்தோம். மண்டை ஓடு படத்துக்குக் கீழே 'மின்கோபுரத்தில் ஏறாதீர்' என்று எழுதியிருந்தது. தனபால் 'மின்'னை மட்டும் விழுங்கிவிட்டு நம்மை ஒரு வருடம் கோவிலைச் சுற்ற வைத்திருக்கிறார் என்று சொல்லி மதினி அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மின்கோபுரத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தோம். ஓடைக்கரை மேட்டில் ஏறியதும் பின் முகடு முன் முகட்டுக்குள் போய் மறைந்தது. ஒற்றைப் பல். பத்தடி தள்ளி, ஓடையைப் பார்த்துச் சாய்ந்த ஒரு கல். அதன் அடியில் சின்னக் கற்களை அடுக்கி மூடியிருந்தார்கள். தேள் கிடக்கும் என்று மதினி குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசிக் கல்லுக்குப் பின்னால் பாலிதீன் பை சுற்றிய பிஸ்கட் டின் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் டின்னைத் தூக்கியதும் உள்ளே தண்ணீர் அலம்பியது. பாலிதீன் ஓரத்தில் கிழிந்து, மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கல்லால் தட்டித் திறந்தோம். தாள் கூழாகியிருந்தது, மைப்பெட்டி ஊறிப் பிளந்து கிடந்தது, மூலையில் எறும்புகள் முட்டை வைத்திருந்தன. முத்திரை மட்டும் பிழைத்திருந்தது. பழைய தமிழ் டைப்ரைட்டரிலிருந்து கழற்றிய 'ஃ' எழுத்து அச்சை ஒரு கட்டையில் பதித்திருந்தார். மழையில் ஒருமுறைகூட இந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

டின்னை இப்படியே கொண்டுபோய்க் கூட்டத்தில் மேஜை மேல் வைப்போம், பராமரிப்பு பற்றி நமக்குப் பாடம் எடுத்த மனிதர் பார்க்கட்டும் என்றேன். மதினி சம்மதிக்கவில்லை.

"டப்பா இங்கதான் இருக்கணும். நமக்குப் பொறவு தேடி வாரவங்களுக்கு என்ன இருக்கும்? அவரு செய்யாத வேலைய நாம செஞ்சு வச்சிட்டுப் போவோம்," என்றாள்.

சொல்லிக்கொண்டே பையிலிருந்து எங்கள் எவர்சில்வர் டப்பாவை எடுத்துவிட்டாள். அதைக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. இரண்டு வாரம் மாலை மாலை உட்கார்ந்து செய்தது, வாளித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்தது. ஆனாலும் வாங்கி மூடியைத் திறந்து வைத்தேன். முத்திரையைத் துடைத்து வெயிலில் காயவைத்தோம். குத்துவதற்கு மை இல்லாமல் திகைத்தபோது மதினி தன் கண்மை டப்பாவைத் திறந்தாள். எங்கள் அட்டையில் 'ஃ' கறுப்பாக, பளிச்சென்று விழுந்தது. புதுத் தாளும் பென்சிலும் முத்திரையும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போயின. கல்லடியில் முன்பு போலவே மூடி வைத்தோம். துருப்பிடித்த டின்னை மட்டும் குப்பையாக அங்கே விட வேண்டாம் என்று நான் பையில் போட்டுக்கொண்டேன். அதை மதினி தடுக்கவில்லை.

திரும்பும்போது தோப்புக்காரர் ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். டப்பா இருக்கும் இடத்தை அவரிடமும் சொல்லிவிட்டு வந்தோம். வத்திராயிருப்பில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தோம். கூட்டம் ஐந்து மணிக்கு. நிம்மதியாகக் கண்ணை மூடினால், கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் பஸ் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. பின்னால் வந்த பஸ் நிற்காமலே போய்விட்டது. நாலரை மணிக்கு, பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஏற்றிப் போகும் ஒரு வேனை மதினி கை காட்டி நிறுத்தினாள். முன்னால் இடம் இல்லை, கேன்களுக்கு நடுவில் நிற்க வேண்டும், சம்மதமா என்றார் டிரைவர். ஏறிக்கொண்டோம். பத்து கிலோமீட்டரும் கேனைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தோம். தேரடியில் இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை.

நாங்கள் மாடியேறியபோது ஆறு பேரும் இருந்தார்கள். மேஜையில் காராச்சேவும் டீயும். யாராலும் கண்டுபிடிக்க முடியாத டப்பாவுக்காகத் தனபாலுக்குப் பொன்னாடை போர்த்தத் தயாராக இருந்தார்கள். மதினி அட்டையை அவர் முன்னால் வைத்தாள். அவர் குனிந்து பார்த்து, விரலால் தடவி, இது என்ன மை என்று கேட்டார். கண்மை என்றதும் மற்றவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் டின்னை எடுத்து வைத்தேன். பிளந்த மூடியிலிருந்து மேஜை மேல் துரு உதிர்ந்தது. உள்ளே என்ன இருந்தது, அதற்குப் பதில் இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

தனபால் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆடிக்குப் பொறவு நான் அங்க போகவே இல்லம்மா," என்றார். பொன்னாடையை எடுத்து மதினியிடம் நீட்டினார். "அடுத்த டப்பா உங்களோடது."

"அடுத்தது மட்டும் இல்ல. மழைக்காலத்துல எல்லா டப்பாவையும் நாங்களே ஒரு சுத்து பாத்துட்டு வாரோம். நீங்க ஒழுங்கா ஒளிச்சு வையுங்க, போதும்," என்றாள் மதினி. முதலில் கை தட்டியது தனபால்தான். அன்று ராஜபாளையம் பஸ்ஸில் மதினி பொன்னாடையை மடிக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். கண்டக்டர் என்ன விசேஷம் என்று கேட்க, ஊர் வரும் வரை அவருக்குக் கதை.

இப்போது இந்தப் பக்கம் பெட்டி ஒளிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காப்புக்காட்டுக்குள் வைக்காதீர்கள், அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. அடிவாரத்திலும் அணைப் பாதைகளிலுமே போதுமான இடம் இருக்கிறது. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். பெட்டியின் மேல் இது விளையாட்டுப் பொருள் என்று எழுதுங்கள், இல்லையென்றால் பார்த்தவர் பயந்துவிடுவார். மண்ணில் புதைக்காமல் இரண்டு கல் மேல், மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பாலிதீன் பை சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும், ஆகவே வேண்டாம். மூடிக்கு ரப்பர் வளையம், எழுத பென்சில், ஈரம் இழுக்கத் துணியில் முடிந்த சுட்ட சுண்ணாம்பு. தின்பண்டம் எதுவும் வைத்தால் எறும்பும் குரங்கும் வரும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, மார்கழி கடைசியில் ஒருமுறை கட்டாயம் போய்ப் பாருங்கள். அதற்கு நேரம் இல்லாதவர்கள் ஒளிக்காமல் தேட மட்டும் செய்யலாம், அதிலும் சந்தோஷம் உண்டு.

எங்கள் முதல் டப்பாவை அந்த மாசியில் ராஜபாளையத்தில் சஞ்சீவி மலைக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில் வைத்தோம். முத்திரையோடு மதினி ஒரு தீப்பெட்டியையும் உள்ளே போட்டாள். மூன்று மழைக்காலம் கழித்து அதைக் கண்டுபிடித்தவர் தனபால். நாங்களும் அன்று கூட இருந்தோம். தாளில் பெயர் எழுதிவிட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்து மதினியைப் பார்த்தார். உரசுங்கள் என்றாள். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.