உப்புத் தண்ணீரில் துடித்த இதயம்

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலத்தில் நான் வேலை பார்த்த விடுதிக்குச் சென்னையிலிருந்து, இதய ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் வந்து தங்கினார். ஒடிசலான உடம்பு, எந்நேரமும் நனைந்திருக்கும் சட்டைக் கை. ஓடைத் தவளையின் இதயத்தை அறுத்தெடுத்து, உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி துடிப்பை எண்ணுவார். எண்ணியதும் நோட்டில் எழுதிவிடுவார். ஒன்றைக்கூட விட்டதில்லை.

அது தனியாக மணிக்கணக்கில் துடித்ததைப் பார்த்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. மூட்டுக் காய்ச்சலில் என் தங்கைக்கு இதயம் கெட்டிருந்தது.

"ஸார், அறுத்துப் போட்ட பெறவும் துடிக்க வைக்கியளே. தென்காசியில என் தங்கச்சி மூச்சு வாங்கிக் கெடக்கா. ஒருக்கா வந்து பாருங்க."

"நான் வைத்தியம் பாக்கறவன் இல்லப்பா. இந்தத் தவளைக்கே ஏன் நிக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

ஆனாலும் வந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். பழக்கத்தில் நோட்டைப் பிரித்தார், பேனாவைத் திறந்தார். பிறகு எழுதாமலே மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

"தவளைக்கெல்லாம் எழுதுவாருன்னு சொன்னியே அண்ணே," என்றாள் தங்கை. "எனக்கு ஏன் எழுதல?"

ஐப்பசியை அவள் தாண்டவில்லை. எழுதாத அந்த எண்ணிக்கையை அவர் மறந்திருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.